கோடு கோணினால் குற்றம் யாருக்கு?



வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பது நம் நாட்டுப் பழமொழி. கட்டி முடித்த வீட்டுக்குக் கிரகப்பிரவேசத்தன்று வருகிற உறவினர்கள் முதலில் பார்ப்பது தரையைத்தான். செருப்பைக் கழற்றும்போதே தலை குனிகிறது. கண் தரையில் படுகிறது. தரை பளபளவென்று இருந்தாலும், டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவே ஓடும் கோடு ஓரிடத்தில் மெலிந்தும் ஓரிடத்தில் தடித்தும் இருந்தால், "மேஸ்திரி சரியில்லையோ?" என்று ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. வீட்டுக்காரர் முகம் வாடுகிறது. மேஸ்திரியைத் திட்டுகிறார். மேஸ்திரி சரக்கைக் குறை சொல்கிறார். கடைக்காரர்களாகிய நாம் பில்லைப் போட்டு, பணத்தை வாங்கி, லாரியை அனுப்பிவிட்டதோடு நம் கடமை முடிந்தது என்று ஒதுங்கிக் கொள்கிறோம்.

நாங்களும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தோம். அந்த எண்ணம் தவறு என்று எங்களுக்குப் புரிய வைத்தவர் ஒரு வாடிக்கையாளர். அந்த அனுபவத்தை மறைக்காமல் இங்கே எழுதுகிறோம். நம் சங்கத்தைச் சேர்ந்த டைல்ஸ், ஹார்டுவேர்ஸ், பெயிண்ட் கடைக்காரர்கள் அனைவருக்கும் இது பயன்படும்.

மில்லிமீட்டர் கணக்கு தெரிந்த பெரியவர்

எங்கள் கடை நெமிலிச்சேரியில், சென்னை - திருவள்ளூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரை வெளிவட்டச் சாலை 2014-ல் திறக்கப்பட்டது. மீஞ்சூர் வரையிலான அடுத்த பகுதி 2021-ல் திறக்கப்பட்டது. அதன் பிறகு பட்டாபிராமிலிருந்து திருநின்றவூர் வரை மனைகள் வீடுகளாக மாறி வரும் வேகத்தை நாம் அனைவரும் கண்ணால் பார்த்து வருகிறோம். சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து, வாழ்நாளில் ஒரே ஒரு வீடு கட்டுகிறவர்கள்தான் நம் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர்.

அவர்களில் ஒருவர் ஆவடி டாங்க் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். ஹாலுக்கு 2 அடிக்கு 2 அடி டைல்ஸ் 22 பெட்டி வாங்கிப் போனார். வேலை முடிந்து மூன்று மாதம் கழித்து ஒரு நாள் காலை கடைக்கு வந்தார். கையில் ஒரு எஃகு ஸ்கேல். பையில் மீந்துபோன இரண்டு டைல்ஸ்.

"தம்பி, எல்லாம் ஒரே சைஸ்னு சொல்லித்தானே கொடுத்தீங்க? நீங்களே அளந்து பாருங்க" என்றார்.

அளந்தோம். ஒன்று 600 மில்லிமீட்டர். மற்றொன்று 599.

"ஐயா, ஒரு மில்லிமீட்டர்தானே" என்றோம்.

"நான் வேலை பார்த்த இடத்துல ஒரு மில்லிமீட்டர்னா அந்த உருப்படியைத் தூக்கிப் போட்டுடுவாங்க. வீட்டுக்கு வந்து பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தோம். ஹால் 16 அடிக்கு 20 அடி. வரிசைக்கு எட்டு டைல்ஸாகப் பத்து வரிசை. ஏழாவது வரிசை வரை கோடு 2 மில்லிமீட்டரில் அழகாக ஓடியது. எட்டாவது வரிசையிலிருந்து 3 மில்லிமீட்டராகத் தடித்திருந்தது. ஒரு டைல்ஸுக்கு ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் எட்டு டைல்ஸுக்கு 8 மில்லிமீட்டர் குறையும். கோடுகள் ஒன்றுக்கொன்று நேர் சேராமல் போய்விடக் கூடாதே என்று மேஸ்திரி அந்தக் குறையைச் சந்துகளில் பங்கிட்டு வைத்திருக்கிறார். அவர் நிலையில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் வாசலில் நின்று பார்த்தால் ஹால் இரண்டு துண்டாகத் தெரிந்தது.

கடைக்குத் திரும்பிப் பெட்டிகளின் விவரத்தைப் பார்த்தபோது உண்மை விளங்கியது. புதிய லாட்டில் 14 பெட்டிதான் கைவசம் இருந்திருக்கிறது. மீதி 8 பெட்டியைக் குடோன் பையன் பழைய லாட்டிலிருந்து எடுத்து ஏற்றிவிட்டிருக்கிறான். டிசைன் ஒன்றுதான், பெயர் ஒன்றுதான், லாட் மட்டும் வேறு. அவனைக் குறை சொல்ல முடியாது. லாட் எண்ணைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

அதோடு முடியவில்லை. கோடுகளைக் கை விரலால் தடவினால் வெள்ளை மாவு ஒட்டியது. குளியலறையில் கோடுகள் கறுத்துப் போயிருந்தன. மேஸ்திரியிடம் விசாரித்தோம். "ஒயிட் சிமெண்ட்டைத் தண்ணியா கரைச்சு ஊத்தித் தேய்ச்சோம் முதலாளி. மறுநாள் ஆசிட் விட்டுக் கழுவிட்டோம். எல்லா இடத்துலயும் அப்படித்தானே செய்யறோம்?" என்றார். அந்த ஒயிட் சிமெண்ட்டும் எங்கள் பில்லில் இருந்தது. அந்த ஆசிட் பாட்டிலும் எங்கள் பில்லில்தான் இருந்தது.

கலந்த லாட்டைக் கொடுத்தது நாங்கள். ஒயிட் சிமெண்ட்டை ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் கொடுத்தது நாங்கள். ஆசிட்டைக் கொடுத்ததும் நாங்கள். பெரியவருக்கு மூன்று வரிசைக்கு வேண்டிய டைல்ஸையும், பெயர்த்துப் போடுவதற்கான கூலியையும் எங்கள் செலவில் கொடுத்தோம். அந்த பில்லில் கிடைத்த லாபத்தைவிட அதிகமாகவே போயிற்று. ஆனால் அதைக் கொடுக்காமல் இருந்திருந்தால் போயிருக்கக் கூடியது அதைவிடப் பெரிது.

கோடு தொடங்குவது குடோனில்

நமக்கு வரும் சரக்கில் பெரும்பகுதி குஜராத் மாநிலம் மோர்பியிலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் லாரியில் வருகிறது. டைல்ஸ் என்பது சூளையில் சுட்ட பொருள். சுடும்போது மண் சுருங்குகிறது. ஒரு லாட்டுக்கும் இன்னொரு லாட்டுக்கும் அளவிலும் நிறத்திலும் மிகச் சிறிய வேறுபாடு வருவது இயற்கை. பிரஸ் செய்த செராமிக் டைல்ஸுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 15622-ம் ஒரு வரம்புக்குள் இந்த வேறுபாட்டை அனுமதிக்கிறது. இதற்காகத்தான் பெட்டியின் மேல் லாட் எண், ஷேடு முதலிய விவரங்களை அச்சடிக்கிறார்கள். அந்த எழுத்தைப் படிக்க வேண்டியவர் யார்? வீட்டுக்காரருக்கு அது தெரியாது. மேஸ்திரி கையில் வரும்போது பெட்டி பிரிந்திருக்கும். படிக்கக் கூடியவர் கடைக்காரர் ஒருவரே.

மொசைக் காலத்தில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. அங்கேயே கலந்து, அங்கேயே கொட்டி, மெஷின் வைத்துத் தேய்த்துவிடுவார்கள். காவித்தரையிலும் கோடு கிடையாது. டைல்ஸ் வந்த பிறகுதான் தரை என்பது துண்டுகளாகவும் கோடுகளாகவும் ஆயிற்று. துண்டைப் பற்றி நாம் மணிக்கணக்கில் பேசி விற்கிறோம். கோட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை.

சந்தே விடாமல் டைல்ஸை ஒன்றோடொன்று நெருக்கி ஒட்டிவிட்டால் கோட்டுப் பிரச்சினையே இல்லை என்று வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. நம்மில் சிலரும் அதற்குத் தலையாட்டுகிறோம். இது ஆபத்து. வெயிலில் தரை விரியும், குளிர்ச்சியில் சுருங்கும். விரிவதற்கு இடம் இல்லாவிட்டால் டைல்ஸ் நடுவில் கூடாரம் போல மேலெழும்பிப் பெயர்ந்துவிடும். ஓரம் துல்லியமாக வெட்டிய டைல்ஸுக்கும் குறைந்தது 2 மில்லிமீட்டர் சந்து வேண்டும். சுவர் ஓரத்தில் ஸ்கர்ட்டிங் மறைக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் இடைவெளி வேண்டும்.

ஒயிட் சிமெண்ட் ஏன் ஏமாற்றுகிறது?

ஒயிட் சிமெண்ட் கெட்ட பொருள் அல்ல. அதைக் கஞ்சி போலக் கரைத்து ஊற்றுவதுதான் கெடுதல். சிமெண்ட் கெட்டியாவதற்குத் தேவைப்படும் தண்ணீர் கொஞ்சமே. மேற்கொண்டு ஊற்றிய தண்ணீர் ஆவியாகிப் போகும்போது, அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளாகிவிடும். கோடு சுருங்கும், வெடிக்கும், மாவாக உதிரும். குளியலறையில் சோப்புத் தண்ணீர் அந்த ஓட்டைகளில் இறங்கித் தங்கும். பூஞ்சை பிடித்துக் கோடு கறுக்கும். போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகமுள்ள வீடுகளில் கோட்டின் மேல் வெள்ளையாகப் பூத்துக் கொண்டே இருக்கும்.

இதற்கென்றே தயாரித்த கிரவுட்டில் சிமெண்டோடு சுருக்கத்தைக் குறைக்கும் பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. 3 மில்லிமீட்டர் வரையிலான சந்துக்கு மணல் சேராத வகை. அதற்கு மேல் அகலமான சந்துக்கு நுண்மணல் சேர்ந்த வகை. ஈரமும் கறையும் அதிகமுள்ள குளியலறைக்கும் சமையல் மேடைக்கும் எபாக்சி வகை. சில பாக்கெட்டுகளில் சி.ஜி. என்றோ ஆர்.ஜி. என்றோ அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஐரோப்பியத் தர விதி ஈ.என். 13888-ன் குறியீடு. சி.ஜி. என்றால் சிமெண்ட் வகை, ஆர்.ஜி. என்றால் எபாக்சி போன்ற ரெசின் வகை. கடையில் நிற்கும் பையனுக்கு இந்த இரண்டு எழுத்தையாவது சொல்லிக் கொடுத்து வைக்கலாம்.

விலை அதிகம் என்பார்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 2 அடிக்கு 2 அடி டைல்ஸ், 9 மில்லிமீட்டர் கனம், 3 மில்லிமீட்டர் சந்து என்றால் 100 சதுர அடிக்குச் சேதாரம் உட்பட ஒன்றரைக் கிலோ கிரவுட் போதும். 1 அடிக்கு 1 அடி டைல்ஸானால் கோடு அதிகம். மூன்று கிலோ ஆகும். அதே 100 சதுர அடிக்கு டைல்ஸ் விலை என்ன, கூலி என்ன என்று பக்கத்தில் எழுதிக் காட்டினால் வாடிக்கையாளரே முடிவு செய்து கொள்வார்.

ஆசிட் பாட்டில்

புதுத் தரையை ஆசிட் விட்டுக் கழுவும் வழக்கம் நம் பக்கத்தில் ஊறிப்போய்விட்டது. சிமெண்ட் கறை போகிறது, தரை பளிச்சென்று ஆகிறது என்பது உண்மைதான். கறையாக ஒட்டியிருப்பதும் சிமெண்ட். கோட்டில் இருப்பதும் சிமெண்ட். ஆசிட்டுக்கு இரண்டும் ஒன்றே. கறையைத் தின்னும்போது கோட்டையும் சேர்த்துத் தின்கிறது. ஒருநாள் பளபளப்புக்காகப் பல வருடம் நிற்க வேண்டிய கோட்டைப் பலி கொடுக்கிறோம்.

சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். ஆசிட் விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2013-ல் கடும் கட்டுப்பாடுகளை விதித்தது. வாங்குபவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை, வாங்கும் காரணம் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்கக் கூடாது. இத்தனையும் தெரிந்திருந்தும் டைல்ஸ் பில்லோடு பாட்டிலைச் சேர்த்துத் தள்ளிவிடும் வழக்கத்தை எங்கள் கடையில் நிறுத்திவிட்டோம். அதனால் விற்பனை குறைந்ததாகத் தெரியவில்லை.

ஒரு துண்டுச்சீட்டு போதும்

பெரியவர் வீட்டு அனுபவத்துக்குப் பிறகு நாங்கள் ஒரு துண்டுச்சீட்டு அச்சடித்தோம். டைல்ஸ் வாங்கும் ஒவ்வொருவருக்கும் பில்லோடு சேர்த்துக் கொடுக்கிறோம். அதில் உள்ளவை இவைதான்:

1. இறக்கியதும் எல்லாப் பெட்டிகளின் லாட் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் பிரிக்காமல் எங்களுக்குச் சொல்லுங்கள்.

2. சந்து எல்லாம் ஒரே அளவாக வர ஸ்பேசர் வையுங்கள். கண் மதிப்பில் ஒட்டாதீர்கள்.

3. ஒட்டி முடித்து ஒரு முழு நாள் தரையில் யாரும் நடக்க வேண்டாம். பிறகு சந்தில் பிதுங்கி நிற்கும் சிமெண்டையோ பசையையோ சுரண்டி, தூசியைத் தட்டி எடுங்கள். டைல்ஸ் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழமாவது காலியாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் மேலோட்டமாகவும் இருந்தால் கோட்டின் நிறமே திட்டுத் திட்டாக வரும்.

4. பாக்கெட்டில் போட்ட அளவுக்கு மேல் ஒரு சொட்டும் தண்ணீர் விடாதீர்கள். நல்ல தண்ணீரில் பசை போலக் கலந்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி கலக்குங்கள். அரை மணி நேரத்தில் தீரும் அளவுக்கு மட்டும் கலக்குங்கள். இறுகிப் போனதில் மறுபடி தண்ணீர் ஊற்றி இளக்கக் கூடாது.

5. ரப்பர் பட்டையால் சந்துக்குள் அழுத்தித் திணியுங்கள். வழிக்கும்போது கோட்டின் வழியே இழுக்காமல் மூலைவாட்டில் இழுங்கள். கோட்டின் வழியே இழுத்தால் உள்ளே இருப்பதும் கூடவே வந்துவிடும்.

6. விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும், நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் மூலைவாட்டில் துடையுங்கள். தண்ணீர் சொட்டும் ஸ்பாஞ்ச் கோட்டின் மேல்பூச்சைக் கழுவிக் கொண்டு போய்விடும். வாளித் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். இந்த ஒரு கட்டத்தில் பொறுமை காட்டினால் கோடு கண்ணாடி போல வழவழப்பாக வரும்.

7. காய்ந்ததும் டைல்ஸ் மேல் படியும் வெண்மையை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ஆசிட் வேண்டாம்.

8. சுவரும் தரையும் சேரும் மூலையில் கிரவுட் வெடிக்கும். அங்கே சிலிகான் பசை போடுங்கள்.

9. எபாக்சி என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, உடனுக்குடன் துடைத்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் அது சீக்கிரம் இறுகிவிடும். இறுகிய பிறகு துடைக்க முடியாது.

இந்தச் சீட்டைக் கொடுப்பது வெறும் உபசாரம் அல்ல. 2019-ல் இயற்றப்பட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். உற்பத்தியாளர் கொடுத்த எச்சரிக்கையையும், பொருளைச் சரியாகப் பயன்படுத்தும் முறையையும் விற்பனையாளர் வாங்குபவருக்குத் தெரிவிக்காமல் விட்டு, அதுவே சேதத்துக்கு நேரடிக் காரணமானால் விற்பனையாளர் பொறுப்பேற்க நேரிடும் என்று அதில் இருக்கிறது. "நான் செய்யவில்லை, விற்றேன்" என்ற பழைய பதில் இனி எல்லா நேரத்திலும் செல்லாது.

மேஸ்திரிகளைப் பற்றி ஒரு வார்த்தை

வாடிக்கையாளரை அழைத்து வரும் மேஸ்திரிக்குக் கமிஷன் கொடுக்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அது சரியா தவறா என்ற விவாதத்துக்குள் இப்போது போகவில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தால் அவர் வேலையைப் பற்றி ஒரு சொல் சொல்ல நமக்குத் தயக்கம் வந்துவிடுகிறது. வாய் திறந்தால் அடுத்த வாடிக்கையாளரைப் பக்கத்துக் கடைக்கு அழைத்துப் போய்விடுவாரோ என்ற பயம். எங்கள் அனுபவம் வேறாக இருக்கிறது. அதே மேஸ்திரியைக் கடைக்கு அழைத்து, ஒரு பலகையில் நான்கு டைல்ஸை ஒட்டி, பாதிக்கு அவர் முறையிலும் பாதிக்கு பாக்கெட்டில் சொன்ன முறையிலும் கோடு அடைக்கச் சொன்னோம். ஒரு வாரம் கழித்து ஆணியால் இரண்டையும் சுரண்டிப் பார்க்கச் சொன்னோம். அவர் பேசவில்லை. அடுத்த வேலைக்கு வந்தபோது ஸ்பேசரும் ரப்பர் பட்டையும் அவரே கேட்டு வாங்கிப் போனார். அந்தப் பலகை இன்றும் எங்கள் கடையில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் சுரண்டிப் பார்க்கிறார்கள்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி, திருநின்றவூர் பகுதி மேஸ்திரிகளை ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அழைத்து, அரை நாள் செய்முறை வகுப்பு நடத்தலாம். கிரவுட் தயாரிப்பு நிறுவனங்களின் பிரதிநிதிகளைக் கேட்டால் செய்து காட்ட ஆள் அனுப்புவார்கள். ஒரு வேளை சாப்பாடும் ஒரு ரப்பர் பட்டையும் கொடுத்தால் செலவு பெரிதாகாது. அதனால் காப்பாற்றப்படும் வீடுகள் எத்தனையோ!

நாணயமே மூலதனம்

சிலர் கேட்கலாம்: "லாட் பார்த்து எடுத்துக் கொடுத்தால் பழைய சரக்கு தேங்கிவிடுமே?" தேங்கும். அதைத் தனியாக அடுக்கி, சிறிய அறைகளுக்கும் கழிப்பறைகளுக்கும் பூஜையறைக்கும் என்று சொல்லி, விலை குறைத்து, ஒரே லாட்டாக விற்றுவிடலாம். நாங்கள் அப்படித்தான் விற்கிறோம். தெரிந்து வாங்குகிறவருக்கு அது லாபம். தெரியாமல் கலந்து வாங்குகிறவருக்கு அது வஞ்சனை. பில்லில் லாட் எண்ணை எழுதிக் கொடுத்தால் நமக்கும் பாதுகாப்பு. பின்னால் இரண்டு டைல்ஸ் தேவைப்பட்டு அவர் வரும்போது தேடுவதும் சுலபம்.

வாங்குபவரின் பொருளையும் தன் பொருளாக எண்ணிச் செய்வதே வாணிகம் என்பது வள்ளுவர் காட்டிய வழி. நம் சங்க விழா மேடைகளில் அதைச் சொல்லாதவர் இல்லை. அதைக் குடோனில் கடைப்பிடிக்க வேண்டுமானால், 22 பெட்டி ஏற்றும்போது 22 பெட்டியின் லாட் எண்ணையும் படிக்க வேண்டும்.

அந்தப் பெரியவர் போன மாதம் தன் மகள் வீட்டுக்கு டைல்ஸ் எடுக்க எங்கள் கடைக்கே வந்தார். ஸ்கேலையும் மறக்காமல் கொண்டு வந்தார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்றை எடுத்து அளந்தார். நாங்கள் தடுக்கவில்லை. கூடவே நின்று பிரித்துக் கொடுத்தோம். எல்லாம் சரியாக இருந்தது. "இப்ப வண்டியில ஏத்துங்க தம்பி" என்றார்.

கோடு கோணினால் குற்றம் மேஸ்திரிக்கு மட்டும் அல்ல. நமக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கை இன்றே திருத்திக் கொள்வோம். சிந்திப்போம், செயல்படுவோம்!